பொதுப் பள்ளியின் நோக்கங்களும் இயல்புகளும்: புதுக்கோட்டை வரலாற்றின் ஒளியில்

முன்னுரை

ஆண்டுதோறும் ஜூன் மாதம் நெருங்கும்போது ஆயரின் இல்லத்தைத் தேடிச் சபையார் பலர் வருவது நம் சேகரங்களில் வழக்கம். பிள்ளைக்கு இன்ன பள்ளியில் இடம் வேண்டும், பரிந்துரைக் கடிதம் ஒன்று தாருங்கள் என்பதே அவர்களது வேண்டுகோள். முப்பது ஆண்டுகளாக இத்தகைய கடிதங்களை எழுதி வந்துள்ள இக்கட்டுரையாளர் ஒன்றைக் கவனித்ததுண்டு. அரசினர் பள்ளியில் இடம் கேட்டு எவரும் பரிந்துரை கோரி வந்ததில்லை. அங்கே அதற்குத் தேவை எழுவதில்லை; கதவு திறந்தே இருக்கிறது. பொதுப் பள்ளியின் இயல்பை விளக்கப் புகுவோர் இச்சிறு உண்மையிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

அக்கதவு எவ்வாறு திறந்தது, யார் திறந்தனர், எத்தனை காலம் ஆயிற்று என்பவற்றைப் புதுக்கோட்டை மாவட்டத்தின் வரலாற்றை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இம்மாவட்டத்தைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. இதன் பெரும்பகுதி 1948 வரை தொண்டைமான் மன்னர்களின் ஆளுகையிலிருந்த சமஸ்தானம். அறந்தாங்கிப் பகுதியோ ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்குட்பட்ட தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. இருவேறு கல்வி மரபுகள் பின்னர் ஒரே மாவட்டத்தில் இணைந்தன. ஆகவே, மன்னரின் பள்ளி, குடியரசின் பள்ளி ஆகிய இரண்டையும் ஒருங்கே நோக்க இம்மண் வாய்ப்பளிக்கிறது.

1. பொதுப் பள்ளி என்பது யாது?

அரசின் செலவில் நடைபெறும் பள்ளிகள் யாவும் பொதுப் பள்ளிகள் ஆகிவிடா. அரசவைப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி நடத்திய மன்னர்கள் எல்லா நாடுகளிலும் இருந்திருக்கின்றனர். பாபிலோன் அரண்மனையில் தானியேலும் அவனுடைய தோழரும் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்றது அத்தகையதொரு பள்ளியிலேயே. அங்கே சேர்வதற்குக் குலமும் தோற்றமும் அரசனின் விருப்பமும் அளவுகோல்களாக இருந்தன.

நாட்டிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் கல்வி அளிப்பது பொது அதிகாரத்தின் கடமை என்னும் கருத்து ஐரோப்பாவில் சீர்திருத்த இயக்கத்தோடு வலுப்பெற்றது. 1524ஆம் ஆண்டில் மார்ட்டின் லூத்தர் ஜெர்மானிய நகர மன்றத்தாருக்கு எழுதிய திறந்த மடலில், பள்ளிகளை நிறுவிப் பேணும் பொறுப்பை அவர்கள் மீது சுமத்தினார். அவர் இம்மடலை நகர மன்றத்தாருக்கே எழுதினார் என்பது கருதத்தக்கது. 1560இல் ஸ்காத்லாந்துச் சீர்திருத்தத் தலைவர்கள் வகுத்த திட்டம் ஒவ்வொரு சபைக்கும் ஒரு பள்ளி வேண்டும் என்றது. வேதத்தை அவரவர் வாசிக்க வேண்டுமானால் எழுத்து அனைவருக்கும் உரியதாதல் வேண்டும். இதுவே அவர்களது வாதத்தின் அடிப்படை.

இவ்வரலாற்றில் நமக்கு நெருக்கமான ஒரு கண்ணியும் உண்டு. ஹாலே நகரில் அகஸ்து ஹெர்மன் பிராங்கே 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியிலிருந்து இரு நீரோடைகள் பிரிந்தன. ஒன்று, ஹாலேயின் பக்தி இயக்கத்தில் பயின்ற சீகன்பால்கு வழியாக 1706இல் தரங்கம்பாடியை வந்தடைந்தது. மறு ஆண்டிலேயே அங்கே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. மற்றொன்று, அதே ஹாலேயில் பணியாற்றிய ஜொகான் ஜூலியஸ் ஹெக்கர் வழியாகப் பிரஷ்ய அரசைச் சென்றடைந்தது. 1763இல் மன்னர் இரண்டாம் பிரெடரிக் வெளியிட்ட நாட்டுப்புறப் பள்ளி ஒழுங்குமுறையை வரைந்தவர் ஹெக்கரே. பிள்ளைகள் ஐந்து வயது முதல் பதின்மூன்று, பதினான்கு வயது வரை பள்ளிக்கு வருவதை அது கட்டாயமாக்கியது. இவ்வாறு, தமிழகத்து மிஷன் பள்ளியும் ஐரோப்பிய அரசுப் பள்ளியும் ஒரே தாயின் இரு பிள்ளைகள் எனில் மிகையாகாது.

பிற்காலத்தில் பல நாடுகளில் வளர்ந்து முதிர்ந்த பொதுப் பள்ளிமுறையில் ஆறு இயல்புகளைக் காண்கிறோம். அவையாவன: அது பொது நிதியால் நடைபெறும், கட்டணம் பெறாது, எப்பிள்ளையையும் விலக்காது, எப்பிள்ளையும் விலகியிருக்க விடாது, எச்சமயத்தையும் திணிக்காது, மக்களுக்குக் கணக்குக் கொடுக்கும் பொறுப்புடையது. அதன் நோக்கங்களை மூன்றாகத் தொகுக்கலாம். எழுத்தும் எண்ணும் அளித்தல் முதலாவது. பிழைப்புக்கும் குடிமைக்கும் ஆயத்தப்படுத்தல் இரண்டாவது. பிறப்பால் பிரிந்து கிடப்போரை ஒரே பாயில் அமர்த்துதல் மூன்றாவது. இம்மூன்றாவது நோக்கமே நம் நாட்டில் மிகவும் கடினமானதாகவும் மிகவும் இன்றியமையாததாகவும் இருந்து வந்துள்ளது.

2. சென்னை மாகாணத்தில் அரசும் மிஷனும்

ஆங்கிலேயர் வருமுன் தமிழகத்தில் கல்வி இருந்ததில்லை என்பது தவறான கூற்று. 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ ஆணையிட்டு எடுத்த கணக்கின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தனர். இவற்றுள் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுதியும் சட்டாம்பிள்ளையின் துணையால் ஒப்புவித்தும் பயின்ற அம்முறையை எழும்பூரில் கண்ட குருவானவர் ஆண்ட்ரூ பெல், அதனைச் சென்னை முறை என்னும் பெயரால் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். எனினும் திண்ணைப் பள்ளியை ஊரார் பேணினரேயன்றி அரசு பேணவில்லை. ஊரார் என்னும் சொல்லுக்குள் சேரி அடங்கியதுமில்லை.

1854இல் வெளிவந்த உட் அறிக்கை இரு முடிவுகளை எடுத்தது. அரசு கல்வித் துறையை அமைத்தல் ஒன்று. தனியார் பள்ளிகளுக்கு மானியம் அளித்தல் மற்றொன்று. அரசுப் பள்ளிகளில் சமயப் போதனை இடம்பெறக் கூடாது என்றும் அது வரையறுத்தது. மானிய முறையால் மிஷன் பள்ளிகள் பெருகின. 1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் குழுவில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் முதல்வர் டாக்டர் வில்லியம் மில்லரும் உறுப்பினராயிருந்தார். அக்குழு தொடக்கக் கல்வியை உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் விடப் பரிந்துரைத்தது. 1920இல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறியது.

மிஷன் பள்ளிகளின் பெருந்தொண்டு ஒடுக்கப்பட்டோர் கல்வியில் வெளிப்பட்டது என்பதை வரலாறு மறுப்பதற்கில்லை. பொதுப் பணத்தில் நடந்த பள்ளிகளில்கூட அப்பிள்ளைகள் வாசற்படி ஏற முடியாதிருந்த காலத்தில், கூரை வேய்ந்த சபைக் கட்டடத்தில் அவர்களுக்குப் பலகையும் பலப்பமும் கிடைத்தன. 1893இல்தான் ஒடுக்கப்பட்டோர் கல்விக்கெனச் சென்னை அரசு விரிவான ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. ஆகவே, பொதுப் பள்ளி தன் பெயருக்கு உரியதாகாதிருந்த நாளில், அதன் பணியின் ஒரு பகுதியைத் திருச்சபை செய்தது எனலாம்.

3. மன்னரின் பள்ளி

இப்பின்னணியில் புதுக்கோட்டைக்கு வருவோம். குளத்தூர், ஆலங்குடி, திருமயம் ஆகிய மூன்று தாலுகாக்களைக் கொண்ட இச்சமஸ்தானத்தின் பரப்பு ஏறத்தாழ 1,100 சதுர மைல். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3,80,440. வானம் பார்த்த பூமி, ஏரிகளே உயிர். தனக்கென அம்மன் காசு அச்சிட்ட இந்நாட்டில், சென்னை மாகாணச் சட்டங்கள் தாமாகச் செல்லுபடியாவதில்லை. ஆகவே கல்வியின் வளர்ச்சி மன்னரையும் திவானையும் சார்ந்திருந்தது.

1857இல் நகரில் மகாராஜாவின் இலவசப் பள்ளி தோன்றியது. அதன் பெயரிலேயே இலவசம் என்னும் சொல் அமைந்திருந்தது குறிப்பிடத்தக்கது. 1878இல் திவானாகப் பொறுப்பேற்ற சர் ஏ. சேஷையா சாஸ்திரியார் நகரை ஒழுங்குற அமைத்தது போலவே நிருவாகத்தையும் திருத்தினார். சென்னையில் பவல் துரையிடம் ஆங்கிலக் கல்வி பயின்றவர் அவர். அவர் காலத்திலே 1880இல் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. திருமயத்தில் 1887இல் பிறந்த சத்தியமூர்த்தி அக்கல்லூரியில் கற்றபின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்றார். மன்னரின் பள்ளியும் மிஷனின் கல்லூரியும் சேர்ந்து ஒரு விடுதலை வீரரை உருவாக்கின.

ஆயினும் மன்னரின் பள்ளியுடைய சிறப்பையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி முத்துலட்சுமியின் வரலாறாகும். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அவருடைய தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபினர். பருவமடைந்தபின் வீட்டிலிருந்தே பயின்று 1902இல் மெட்ரிகுலேஷன் தேறிய அப்பெண், ஆண்களே பயின்ற கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு காரணம். தாயின் குலம் மற்றொரு காரணம். இளம் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது அனுமதி அளித்தார். 1904இல் அவர் கல்லூரியில் சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1912இல் பட்டம் பெற்றார். சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினராகித் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியதும், 1930இல் ஔவை இல்லத்தையும் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவியதும் யாவரும் அறிந்தவை.

மன்னரின் துணிவு பாராட்டுக்குரியது. ஆனால், இங்கே ஒரு வினா எழுகிறது. மன்னர் மறுத்திருந்தால் என்னாகும்? அப்பெண்ணுக்கு மேல்முறையீடு ஏதும் இருந்திராது. அதே ஆண்டில் குளத்தூர்த் தாலுகாவின் ஏதோவொரு சிற்றூரில் அதே அறிவோடு பிறந்திருந்த இன்னொரு சிறுமிக்கு அரண்மனையைச் சென்றெட்டும் வழியும் இல்லை. கதவு திறந்தது, எனினும் அது ஒருவருடைய அருளால், ஒருவருக்காகத் திறந்தது. அருளாகக் கிடைப்பது மேன்மையானதே. ஆயினும் மனிதர் மனிதருக்கு அருளும்போது, அருளுகிறவருடைய மனநிலையைப் பெறுகிறவர் சார்ந்திருக்க நேரிடுகிறது.

4. குடியரசின் பள்ளி

1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14இல் தஞ்சாவூரின் அறந்தாங்கிப் பகுதியையும் சேர்த்துத் தனி மாவட்டமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் கல்வியின் அடித்தளமே மாறியது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, பத்து ஆண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்றது. 28ஆம் பிரிவு முழுவதும் அரசு நிதியால் நடக்கும் பள்ளிகளில் சமயப் போதனையை விலக்கியது. 29ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளில் சமயம், இனம், சாதி, மொழி காரணமாக எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்றது. 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தம் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தந்தது. நம்மவர் 30ஆம் பிரிவை நன்கறிவர். அதற்கு முந்தைய இரு பிரிவுகளையும் அதே ஆர்வத்தோடு வாசித்தோர் சிலரே.

பொதுப் பள்ளியின் நோக்கம் யாது என்பது குறித்துத் தமிழகத்தில் பெரும் விவாதம் 1953இல் எழுந்தது. இராஜாஜியின் அரசு கிராமப்புறங்களில் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்னும் திட்டத்தைக் கொணர்ந்தது. குறைந்த செலவில் இருமடங்குப் பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம் என்பது அரசின் வாதம். தந்தையின் தொழிலை மகனுக்கு விதிப்பது குலத்தை நிலைநிறுத்துவதாகும் என்பது எதிர்ப்பாளரின் வாதம். 1954இல் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். பிறந்த இடத்திலேயே பிள்ளையை இருத்துவதற்குப் பொதுப் பள்ளி உடன்படலாகாது என்பது அன்று முடிவாயிற்று.

காமராசரின் ஆட்சியில் கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிகளைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றார். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஊராரே பள்ளிக்கு நாற்காலியும் பலகையும் மணியும் வழங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. பின்னர் ஜில்லா போர்டுகள் மறைந்து, தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பாயின. 1981இல் அவற்றின் ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். 1982 ஜூலை முதல் நாளன்று எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். வறட்சி மிகுந்த புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் பல பிள்ளைகளுக்கு நாளின் முதல் உணவு அதுவாகவே இருந்தது. உண்ணும் வரிசையில் சாதி வரிசை குலைந்ததும் சிறு செய்தியன்று. ஒரே பந்தியில் அமர்தலின் பொருளைத் திருவிருந்தை நடத்தும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வாறு அருள் உரிமையாயிற்று. 1994இல் தமிழகக் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டமும், 2002இல் அரசியலமைப்பின் 86ஆம் திருத்தமும், 2009இல் மத்திய அரசின் கல்வி உரிமைச் சட்டமும் அதனை எழுத்தில் பதித்தன. பத்து ஆண்டுகளில் நிறைவேற வேண்டிய வாக்குறுதி, அடிப்படை உரிமையாக அறுபது ஆண்டுகளாயின.

5. விடுபட்டோரைத் தேடிச் சென்ற இயக்கம்

உரிமையும் தனித்து நின்று போதாது என்பதைக் காட்டியதும் புதுக்கோட்டையே. சட்டத்தால் எவரும் விலக்கப்படாத நிலையிலும், 1991இல் இம்மாவட்டத்தின் சிற்றூர்ப் பெண்களில் பெரும்பகுதியினர் எழுத்தறியாதிருந்தனர். கல்லுடைக்கும் குவாரியிலும் களத்திலும் வேலைசெய்த அவர்களைப் பள்ளி வரவேற்றது உண்மை. ஆனால் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் தண்ணீர் சுமக்கவும் இருந்த சிறுமி அந்த வரவேற்பை ஏற்கும் நிலையில் இருந்ததில்லை.

அவ்வாண்டில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் தலைமையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியமின்றி இரவில் விளக்கடியிலும் மரத்தடியிலும் கற்பித்தனர். கற்கிறவர் வரட்டும் எனக் காத்திராமல் கற்பிக்கிறவர் சென்றனர். மகளிர் சைக்கிள் ஓட்டப் பழகுவதும் அவ்வியக்கத்தின் பகுதியாயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் அக்காலத்தில் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். ஏளனம் செய்தோர் பலர். எனினும் சந்தைக்கும் தண்ணீருக்கும் பிறர் தயவின்றிச் சென்றுவரத் தொடங்கிய பெண்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. குவாரித் தொழிலாளப் பெண்கள் தாமே குத்தகை எடுத்துக் கணக்கெழுதியதும் அக்காலத்திலேதான்.

பொதுக் கல்வியின் வரலாற்றில் இது மூன்றாம் நிலை. முதலாவது, கேட்பவருக்குக் கதவைத் திறத்தல். இரண்டாவது, கதவை மூடாதிருத்தல். மூன்றாவது, வாராதவரைத் தேடிச் செல்லுதல். காணாமற்போன ஒன்றைத் தேடுவதற்காகத் தொண்ணூற்றொன்பதையும் விட்டுச் சென்ற மேய்ப்பனைப் பிரசங்கிக்கும் நாம், அந்த உவமை ஓர் அரசாங்க இயக்கத்தில் நடைமுறையானதைக் கண்டு நன்றியும் நாணமும் அடைதல் தகும்.

6. திருச்சபைக்கு எழும் வினா

பொதுப் பள்ளியின் குறைகள் மறைக்கத் தக்கவையல்ல. ஓராசிரியரோ ஈராசிரியரோ ஐந்து வகுப்புகளைத் தாங்கும் பள்ளிகள் உண்டு. கழிப்பறைக்குத் தண்ணீரின்றிப் பெண்பிள்ளைகள் இடைநின்றதுண்டு. வசதியுடையோர் தம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு விலகியபின், அப்பள்ளிகளுக்காகக் குரல் கொடுப்போரும் குறைந்தனர். அனைவருக்கும் பொதுவான பள்ளி மெல்ல மெல்ல ஏழைகளின் பள்ளியாக மாறுவதே இன்றைய ஆபத்து.

இம்மாற்றத்தில் நமக்கும் பங்குண்டு. இக்கட்டுரையாளர் பிறிதொரு மாவட்டத்தில், ஒரு பள்ளியின் தாளாளர் பொறுப்பையும் ஆயர்ப் பணியோடு சேர்த்து வகித்த காலத்தில் நடந்ததைச் சொல்வது கடமை. நூறாண்டைக் கடந்த அந்த உதவி பெறும் தமிழ்ப் பள்ளியின் வளாகத்திலேயே கட்டணம் பெறும் ஆங்கிலவழிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினோம். நிதி வேண்டியிருந்தது, சபையாரும் விரும்பினர். சில ஆண்டுகளில் இரு பிரிவுக்கும் இரு வாயில்கள் அமைந்தன. தமிழ்ப் பிரிவின் பிள்ளைகள் முன்வாயிலைப் பயன்படுத்த வேண்டாம் என்னும் சுற்றறிக்கையில் கையொப்பமிட்டவர் இதனை எழுதுகிறவரே. நெரிசலைத் தவிர்க்க என்பதே காரணமாகக் காட்டப்பட்டது. ஒருநாள் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வரும்போது எந்த வாயிலில் வரவேண்டும் ஐயா என்று கேட்டான். அவனுக்குத் தகுந்த விடை அன்று என்னிடம் இல்லை. மறுவாரம் சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் இரு பிரிவுகளும் தொடர்ந்தன.

இதனால் திருச்சபைப் பள்ளிகள் யாவும் மூடப்பட வேண்டும் என்பது பொருளன்று. நம் பள்ளிகளில் பல இன்றும் அரசு மானியத்தால் நடைபெறும் உதவி பெறும் பள்ளிகள். ஏழைப் பிள்ளைகளே அவற்றில் மிகுதி. 2022இல் அரசு தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அத்தகைய பள்ளிகள் பொதுப் பள்ளிமுறையின் உறுப்புகளாகவே தம்மைக் கருத வேண்டும். சிறுபான்மை உரிமை என்பது விலகி நிற்பதற்கான வேலியாக நமக்குத் தரப்படவில்லை. தொண்டு செய்வதற்கான சுதந்தரமாக அதனைக் கொள்வதே நம் முன்னோரின் மரபுக்கு ஏற்றது.

சமயப் போதனை இல்லாத பள்ளியில் நம் பிள்ளைகள் விசுவாசத்தை இழப்பர் என்போர் உளர். தானியேல் பாபிலோனின் கல்வியைக் கற்றான். பாபிலோனின் தெய்வத்தை வணங்கவில்லை. அவனுடைய விசுவாசம் வீட்டிலும் ஜெபத்திலும் வேரூன்றியிருந்தது. விசுவாசக் கல்வி சபைக்கும் குடும்பத்துக்கும் உரிய கடமை. ஓய்வுநாள் பள்ளியைச் சோர்ந்துபோக விட்டுவிட்டு, அக்கடமையை வாரநாள் பள்ளியின் மீது சுமத்துவது முறையாகாது.

முடிவுரை

மன்னரின் அருளாகத் தொடங்கிய கல்வி குடிமக்களின் உரிமையாகி, பின்னர் விடுபட்டோரைத் தேடிச் செல்லும் இயக்கமாகவும் ஆனதைப் புதுக்கோட்டை வரலாறு காட்டுகிறது. இம்மூன்றாம் நிலையைப் பேணுவதில் ஆயர்களுக்குச் செய்யத்தக்க எளிய பணிகள் உள. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராவர். நம் சபைகளின் கூலித் தொழிலாளப் பெற்றோர் அதில் அமர்ந்து பேசத் துணைநிற்கலாம். சேகரத்துக்குட்பட்ட ஒவ்வோர் ஊரிலும் பள்ளிக்கு வராத பிள்ளை எவர் என்பதை வீடு சந்திப்பின்போது கேட்டறியலாம். இடைநின்ற பிள்ளையைத் தலைமையாசிரியரிடம் கைப்பிடித்து அழைத்துச் செல்லலாம்.

குருத்துவப் பயிற்சி பெறும் மாணவருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் செல்லவிருக்கும் சேகரத்தில் உங்கள் இல்லத்துக்கு அருகே ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்று பெரும்பாலும் இருக்கும். பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே அங்கே சென்று ஆசிரியரைச் சந்தியுங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவோரின் பெயர்களைப் போலவே, கடிதம் கேட்க அறியாதோரின் பிள்ளைகளுடைய பெயர்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.